மூன்றாவது ரிமோட்

கார்க் கதவு ஒன்றின் உட்புறம் எப்படி இருக்கும் என்று நான் முதன்முதலில் பார்த்தது அக்காவின் தோளுக்கு மேலால்தான். களுவாஞ்சிகுடி பிரதான வீதியில் என் தையல் கடைக்கும் அவர்களுடைய கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டுமே இருந்தது. அக்காவின் கணவர் கார்களுக்கு ரிமோட் லொக் பூட்டுகிறவர். சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகித் திறக்கிற பழைய கார்களை, எட்ட நின்று பொத்தானை அமத்தித் திறக்கிற கார்களாக மாற்றிக் கொடுப்பார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. கடை பக்கத்தில் வந்ததால் அக்கா ஆனவர்.

வேலை தொடங்கினால் அண்ணன் முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுவார். பிறகு கதவின் உள்மட்டையை ஓரம் ஓரமாக நெம்புவார். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். அக்கா ஒரு சின்ன ஸ்டூலில் இடது காலை நீட்டி உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கி மடியில் சேர்ப்பார். ஒரு கிளிப் உடைந்தால்கூட உள்மட்டை பிறகு கடகடவென்று ஆடும் என்று அண்ணன் அதில் மிகவும் கவனம். அக்காவின் கவனமோ வேறு இடத்தில் இருந்தது. பூட்டுக் கம்பியில் பொருத்துகிற மோட்டரை எடுக்க அண்ணன் உள்ளே போனதும், அக்கா டோர்ச் ஒன்றை எடுத்துக் கதவின் ஓட்டைகளுக்குள் அடித்துப் பார்ப்பார். வலப்பக்கக் கதவுகள் என்றால் ஒரு பார்வைதான். முன் இடப்பக்கக் கதவு என்றால் கன்னம் தகரத்தில் முட்டும் வரைக்கும் குனிவார்.

"என்னக்கா தேடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறம்," என்றார். "வெளியில எத்தின தரமும் பெயின்ட் அடிக்கலாம் புள்ள. உள்ளுக்க ஒருத்தனும் அடிக்கிறல்ல."

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரையும் ஏசியதும் இல்லை. தனக்கு ஒருவர் செய்ததை அவர் மறக்கமாட்டார், அவ்வளவுதான். செய்தவர் மறக்கவும் விடமாட்டார். சந்தையில் ஒரு மீன்காரர் பழுதான பாரை மீன் ஒன்றை அக்காவின் தலையில் கட்டிவிட்டார். அக்கா அதைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அடுத்த நாளிலிருந்து பக்கத்துப் பலகையில் மீன் வாங்கி, இவருடைய பலகைக்கு முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு மீனாகச் செவிளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் போட்டார். அங்கே மீன் வாங்க நின்றவர்களும் அதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் எடுத்த மீனின் செவிளைத் தூக்கினார்கள். சில நாளில் அந்த ஆள் தாங்கமாட்டாமல், "தங்கச்சி, நல்ல மீனொண்டு சும்மா தாறன். கொண்டு போயிடு," என்றார்.

"எனக்கு மீன் வேணா அண்ணன். நீங்க யாவாரத்தைப் பாருங்க. நான் நிண்டுட்டுப் போறன்."

எனக்காகவும் ஒருதரம் நின்றார். சட்டை ஒன்றைத் தைத்து வாங்கி, கல்யாண வீட்டுக்கும் உடுத்துப் போய்வந்த பெண்ணொருத்தி, பிறகு அதைக் கொண்டுவந்து, நான் துணியைப் பழுதாக்கிவிட்டதாக வீதி கேட்கக் கத்தினாள். அக்கா காலை இழுத்து இழுத்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்தநான். சட்டை உங்களுக்கு நல்ல வடிவா இருந்த," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் கடையைத் தாண்டும் போதெல்லாம் அக்கா உள்ளேயிருந்து, "சட்டை சுகமா இரிக்கா?" என்று கேட்பார். அவள் எதிர்ப்பக்கத்தால் போகப் பழகிக்கொண்டாள். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அக்காவின் ஊர் மண்டூர். கால் நன்றாக இருந்த காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தார். சைக்கிளில்தான் போய்வருவார். மாரி மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், பிள்ளைகளின் கலைவிழாவுக்குப் பாட்டுப் பழக்கிவிட்டு வரப் பிந்திவிட்டது. இரண்டு பக்கமும் வட்டை என்கிற வயல்வெளி. வயல் முழுக்கத் தண்ணீர். இடக்கரையோடு ஒட்டித்தான் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். பின்னால் வந்த கார் அவரையும் சைக்கிளையும் அடித்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

"போகல்ல," என்று அக்கா திருத்துவார். "கொஞ்சத் தூரம் போய் நிண்ட. பிறேக் லைட் சிவப்பா எரிஞ்ச. நான் கையத் தூக்கின. மறுகாத்தான் போன."

இந்தப் பிறேக் லைட்டை அவர் எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். அடித்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார். நின்றதையும், பிறகு போனதையும்தான் சொல்வார்.

காத்தான்குடியிலிருந்து வானில் புடவை கொண்டுவந்து விற்கும் வியாபாரி ஒருவர்தான் இருட்டுகிற நேரத்தில் அவரைக் கண்டு, சேலைக் கட்டுகளுக்கு மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருடைய புதுச்சேலைகளில் பாதி இரத்தத்தில் நனைந்துவிட்டது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அக்கா சொல்வார். அதையும் அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரு முட்டி எருமைத் தயிர், அக்கா நானா என்று கூப்பிடும் அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போகும்.

உயிர் தப்பியது. இடது கால் கட்டையாகிப் போனது. பாலர் பாடசாலையில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். நம்பரும் தெரியாது, ஆளும் தெரியாது, அது அப்படியே கிடந்துபோனது. அக்காவிடம் மிஞ்சியது வளைந்த சைக்கிள் ஒன்றுதான். அதன் கைப்பிடியில் கார்ப் பெயின்ட் ஒரு தீற்றலாக அப்பியிருந்தது. வாவிக் கரைக் கல்லில் படர்கிற பாசியின் பச்சை. அந்தச் சைக்கிளைத் திருத்தவும் விடவில்லை, இரும்புக்குக் கொடுக்கவும் விடவில்லை. கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்.

அண்ணன் அப்போது ரேடியோவும் காற்றாடியும் திருத்துகிறவர். ஒருமுறை கூட்டாளி ஒருவரின் வானுக்கு ரிமோட் லொக் பூட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அக்கா கழற்றிய கதவின் உட்புறத்தைக் கண்டிருக்கிறார். வெளியே வெள்ளை, உள்ளே நீலம். ஒரு மூலையில் டிங்கர் வேலை செய்தவரின் சுத்தியல் அடிகள் புடைப்புப் புடைப்பாகத் தெரிந்தனவாம். அடுத்த கிழமையே ரேடியோ வேலையை விடச்சொல்லி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வீட்டுக் கறாச்சுக்குள்ளயும் பூந்து நம்மளால பாக்க ஏலா," என்று சொன்னாராம். "இது எண்டா அவங்களே கொண்டந்து, அவங்களே திறந்து தருவாங்க."

அண்ணன் அதைப் பகிடி என்று நினைத்தார். இந்தப் பகுதியில் கார் வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் கடைக்கு வரப்போகிறார்கள்? அதுவும் அந்த ஒரு கார்? ஆனால் தொழில் நன்றாக ஓடியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பழைய கார் வாங்கிய வாத்திமார், வான் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். தூர நின்று பொத்தானை அமத்தியதும் நாலு கதவும் ஒன்றாகக் 'களக்' என்று பூட்டுப்படும். பக்கத்தில் நிற்கிற மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே சிலர் பூட்டினார்கள் என்று நினைக்கிறேன். அக்கா கிளிப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். வருசங்கள் போயின.

அந்தக் கார் வந்தபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. வெள்ளி நிறம். ஓட்டிவந்தவர் கல்லாற்றைச் சேர்ந்தவர், மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் பெரிய பதவியில் இருந்தார். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத காற்சட்டை, மரியாதையான பேச்சு. எல்லாரும் அவரைச் சேர் என்பார்கள். கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

அண்ணன் முன் இடப்பக்கக் கதவின் மட்டையைக் கழற்றிவிட்டு மோட்டர் எடுக்க உள்ளே போனார். அக்கா டோர்ச்சை அடித்தார். பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு எழுந்து கடைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது அந்தச் சைக்கிளின் கைப்பிடிக் கம்பி கையில் இருந்தது. அதைத் தனியாகக் கழற்றி எடுத்திருக்கிறார். கம்பியைக் கதவின் உட்தகரத்துக்குப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளிப் பெயின்டுக்கு உட்பக்கம் பாசிப்பச்சை. நடுவில் ஒரு கை அகலத்துக்குச் சுத்தியல் அடிகள்.

அக்கா கம்பியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவரிடம் போனார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"சேர், இது ஆர்ட்டையும் வாங்கின காரா?"

"இல்ல தங்கச்சி. புதுசா எடுத்ததிலயிருந்து என்டதான்."

"கதவுல டிங்கர் வேலை செஞ்சிரிக்கு. மோட்டர் பூட்டக்குள்ள பாத்துப் பூட்டணும். அதான் கேட்ட."

"ஓ, அதா." அவர் தாளை மடித்தார். "ஒரு மாடு குறுக்க வந்திட்டு. வெல்லாவெளி றோட்டுல. நல்ல மழை."

"மாடு செத்திட்டா?"

"தெரியா. நான் நிக்கல்ல."

அக்கா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் இருந்த கிளிப்புகள் எல்லாம் நிலத்தில் கொட்டிக் கிடந்தன. நான்தான் குனிந்து பொறுக்கினேன். அக்காவின் முகம் மாறியிருந்தது. கண்கள் பளிச்சென்று, இளம்பெண்ணின் கண்கள் மாதிரி ஆகிவிட்டன. அவரை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணன் வேலையை முடித்து, முன்கண்ணாடிக்குக் கீழே பூட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வயர்களைக் கொடுத்து, இரண்டு ரிமோட்டையும் பழக்கி அவர் கையில் கொடுத்தார். திறக்க ஒரு பொத்தான், பூட்ட ஒரு பொத்தான், கூட்டத்துக்குள் காரைத் தேட மூன்றாவது பொத்தான். அதை அமத்தினால் சைரன் அலறி, சிக்னல் லைட்டுகள் விட்டுவிட்டு எரியும். சேர் அமத்திப் பார்த்துச் சிரித்தார். கைகழுவ அவர் உள்ளே போன நேரத்தில், அண்ணனும் பின்னால் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். காரிலேயே கிடந்த சாவியைத் திருகி, பெட்டியின் சின்னப் பொத்தானை அமத்திப் பிடித்து, பழைய கிட் ஒன்றில் மிஞ்சிய ரிமோட்டை அந்தப் பெட்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். அண்ணன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே படித்துவிட்டிருந்தார். இறங்கும்போது என்னைக் கண்டார். நான் அப்பால் பார்த்தேன்.

அன்று பின்னேரமே, தன்னை அடித்த கார் அதுதான் என்றும் அந்த ரிமோட் எதற்கு என்றும் எனக்குச் சொன்னார். பொலிசுக்குப் போகலாமே என்றேன்.

"போனா அவர் லோயரோட வருவார். கேஸ் இழுபடும். நான் ஒரு மூலைக்க இருப்பன். எனக்கு அவர்ர முகத்தைப் பாக்கணும் புள்ள. உன்ட ஸ்கூட்டியில என்னை ஏத்திட்டுப் போவியா?"

போவேன் என்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

ரிமோட் நெடுந்தூரத்துக்கு வேலை செய்யாது. ஒரு வீட்டு வளவு தூரத்துக்குள் நிற்கவேண்டும். அதுதான் அக்காவுக்கும் தேவையாக இருந்தது. சேர் எந்த விசேசத்துக்குப் போவார் என்பது கடைக்கு வருகிறவர்களின் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதலில் அமிர்தகழியில் மாமாங்கத் திருவிழாவுக்குப் போனோம். குளத்தடியில் ஈர வேட்டியோடு நின்ற சேர், தன் காரின் அலறலைக் கேட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். நிறுத்தினார். குளத்தடிக்குத் திரும்பியதும் அக்கா மறுபடி அமத்தினார். அவருடைய ரிமோட்டில் ஏதோ பிழை என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம். பிறகு ஒரு செத்தவீட்டில். அக்கா வேலியோரம் கைத்தடியை ஊன்றி நின்று, அவர் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு ஓடுவதைக் கண்வெட்டாமல் பார்த்தார்.

சேர் கடைக்கு வந்து முறையிட்டார். அண்ணன் பெட்டியை மாற்றிப் போட்டார். அக்கா அதற்கும் மூன்றாவது ரிமோட்டைப் பழக்கினார். ஆனால் அன்றைக்கு அண்ணன் கண்டுவிட்டார்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"சனம் நம்மள நம்பிச் சாவி தருது. விளங்குதா உனக்கு? அவர் ஆரா இருந்தாலும், இந்தக் கடைக்குள்ள அவர் கஸ்டமர்."

"எனக்கு அவர் கஸ்டமர் இல்ல."

"அப்ப பொலிசுக்குப் போவம். நான் வாறன் உன்னோட. ரிமோட்டத் தா."

"ஒரேயொரு தரம். அவர் என்னைப் பாக்கணும். அதுக்குப் புறகு தாறன்."

அண்ணன் கோபக்காரர் இல்லை. அன்று ஒரு பூட்டை எடுத்துக் கடை வாசலில் வைத்துவிட்டு, "ஊருக்குத் தெரிய வந்தா இதைப் போட்டுட்டுப் போகத்தான் இருக்கு," என்றார்.

அந்த ஒருதரம் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவில் வந்தது. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற இயந்திரப் படகை நாங்கள் பாதை என்போம். தட்டையான மேடை. மோட்டார் சைக்கிள்களும் சனமும் ஏறி, இடம் இருந்தால் ஒன்றிரண்டு கார்களும் ஏறும். சேரின் கார் ஏறியதைக் கண்டதும் நாங்களும் ஏறினோம். சேரும் மனைவியும் இறங்கி, காரைப் பூட்டிவிட்டுக் காற்றுவாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா பட்டுச்சேலை உடுத்து, அருச்சனைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

நடுவாவிக்கு வந்ததும் அக்கா அமத்தினார். சைரன் தண்ணீருக்கு மேலால் அலறியது. சேர் பதறித் தன் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். அக்கா மறுபடி அமத்தினார்.

"என்னங்க இது, கோயிலுக்குப் போற நேரத்தில," என்றார் அந்த அம்மா.

"சேர், பற்றரி வயரக் கழட்டி விடுங்க," என்றார் பாதை ஓட்டுகிறவர்.

இந்தத் தரம் அக்கா ரிமோட்டை மறைக்கவில்லை. கையை உயர்த்தி எல்லாருக்கும் தெரியப் பிடித்து அமத்தி நிறுத்தினார். பிறகு அமத்தி அலறவிட்டார். பிறகு நிறுத்தினார். சேர் அந்தக் கையைக் கண்டார். கைத்தடியைக் கண்டார். கடையிலும் குளத்தடியிலும் மண்டபத்திலும் செத்தவீட்டிலும் தான் கண்டும் காணாமல் போன முகம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்கவேண்டும்.

"இது எப்பிடி உங்கட கையில?"

"சேர்," என்றார் அக்கா, "வெல்லாவெளியில நீங்க அடிச்ச மாடு சாகல்ல."

சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் காலைக் காட்டினார். குழிவிழுந்து, தோல் சுருங்கி, ஒரு பக்கம் திரும்பிய கால். பாதையில் நின்ற சனம் கிட்ட நெருங்கி வந்து பார்த்தது. அந்த அம்மா காலைப் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்தார்.

"நீங்க மாடு எண்டுதானே சொன்ன," என்றார்.

"நல்ல மழை," என்றார் சேர். "நான் மாடு எண்டுதான் நினைச்ச, தங்கச்சி. சத்தியமா."

"மாடு எண்டாலும் இறங்கிப் பாப்பாங்க. நீங்க பிறேக் பிடிச்சு நிண்ட. நான் கையத் தூக்கின. மாடு கையத் தூக்குமா சேர்?"

இனி அவர் என்ன சொன்னாலும் அதைக் கேட்க அங்கே யாரும் விரும்பியிருக்கமாட்டார்கள். கரை இன்னும் எட்டத்தில் கிடந்தது. ஓட இடமில்லை. அந்தப் பாதை ஊர்ந்து ஊர்ந்து மண்டூர்த் துறைக்குப் போய்ச்சேரும்வரை அந்த மனிதர் தன் காருக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார். அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மா மறு ஓரத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கரை தட்டியதும் காரில் ஏறாமல் தட்டோடு கோயிலுக்கு நடந்தார்.

சில நாள் கழித்துச் சேர் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அண்ணன் நாலு மோட்டரையும் பெட்டியையும் வயர்களையும் எடுத்து, உள்மட்டைகளை ஒரு கிளிப் குறையாமல் திரும்பப் பூட்டினார். சாவியைக் கொடுக்கும்போது, "மன்னிச்சுக் கொள்ளுங்க சேர். என்ட கடையில இப்பிடி நடந்திருக்கக் கூடாது," என்றார். சேர் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழும்பினார். "அவர் இண்டைக்கும் எனக்குச் சொல்லாத சொல்ல, நீங்க அவருக்குச் சொன்ன," என்றார்.

அவர்கள் இருவரும் நெடுநாள் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் பயந்தது நடந்தது. பாதையில் நின்ற சனம் சேரைத்தான் தூற்றியது, அக்காவைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஆனால் அதே சனம் கடைக்குக் கார் கொண்டுவருவதை நிறுத்திவிட்டது. அந்தக் கடையில் ஒரு ரிமோட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்களாம் என்ற கதை பரவிவிட்டது. அண்ணன் ஏறாவூரில் ஒருவரின் கடைக்குச் சம்பளத்துக்குப் போனார். கடையைக் காலி செய்த அன்று சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னார்: "அவளுக்குக் கால் போனது எனக்குத் தெரியும் தங்கச்சி. எனக்குக் கடை போனது அவளுக்குத் தெரியுமா?"

நான் அதை அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. "தெரியும்," என்றார் அக்கா. "அதுவும் அந்த ஆள்ர கணக்கிலதான்."

அவர்கள் மண்டூர் வீட்டுக்குத் திரும்பினார்கள். சேர் காரை விற்றுவிட்டு, கந்தோருக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அவருடைய மனைவி மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போய்விட்டாராம். இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அதற்குள் காத்தான்குடி நானா தன் புடவைக் கடையில் அக்காவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உட்கார்ந்துகொண்டே துணி மடிக்கிற வேலை. அதற்காக அக்கா காலையில் பாதையில் வாவியைக் கடந்து, பிரதான வீதிச் சந்திக்கு வந்து பஸ் பிடிப்பார். வேலைக்காகத்தான் அந்தப் பஸ்ஸா, அந்தப் பஸ்ஸுக்காகத்தான் வேலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்லாற்றில் ஏறுகிற சேர், சந்திக்கு வரும்போது முன்பக்கத்தில் ஒரு சீற்றில் உட்கார்ந்திருப்பார்.

நான் முதல் கண்டது சனம் நெரிந்த ஒரு நாள். அக்கா கைத்தடியோடு ஏறினார். கொண்டக்டர், "ஆராவது ஒழும்பி இடம் குடுங்க," என்றார். இரண்டு மூன்று பெடியன்கள் எழும்பினார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. நெருக்கிக்கொண்டு போய்ச் சேரின் சீற்றுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேர் எழும்பினார். அக்கா உட்கார்ந்தார்.

ஒவ்வொரு நாளும் இதுதான் என்று கொண்டக்டர் சொன்னார். விசயம் தெரியாதவர்கள் அந்த மனிதரின் நல்ல மனசைப் புகழ்ந்தார்களாம். வேறு பஸ்ஸுக்கு மாறிப் பார்த்தாராம் சேர். ஒரு கிழமைக்குள் அந்தப் பஸ்ஸிலும் அக்கா ஏறினாராம்.

கடைசியாக நான் அவர்களைக் கண்டது ஒரு லீவு நாளுக்கு அடுத்த நாள். நூலும் உட்துணியும் வாங்கக் காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஆட்களே இல்லை. பின்னால் நானும், மீன் கூடையோடு ஒருவரும், முன்னால் சேரும்தான். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. சந்தியில் பஸ் நின்றது. அக்கா ஏற முன்னமே, ஜன்னலால் அவரைக் கண்டதுமே, சேர் எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஏறினார். எல்லாச் சீற்றும் வெறுமையாகத்தான் கிடந்தது. அவர் நேரே போய்ச் சேர் எழும்பிய சீற்றில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார். செட்டிபாளையம் போனது. கிரான்குளம் போனது. ஆரையம்பதியில் இறங்குகிறவர்களும் இல்லை, ஏறுகிறவர்களும் இல்லை. சேர் அத்தனை வெறுமையான சீற்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டே வந்தார். குலுக்கத்தில் அவருடைய முழங்கால்கள் மடிந்து மடிந்து நிமிர்ந்தன.

காத்தான்குடியில் அக்காவும் நானும் இறங்கினோம். அக்கா என்னைக் கண்டு சந்தோசப்பட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கடையைப் பற்றி, என் பிள்ளைகளைப் பற்றி எல்லாம் கேட்டார். அண்ணன் இப்போது நன்றாகப் பேசுகிறார் என்றார். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே சேர் இன்னும் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

"இவ்வளவும் செஞ்சது இன்னும் காணாதா அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா தடியை ஊன்றி நின்று, கேள்வி விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"நான் என்னகா செஞ்ச? அவர் சீற்றுல இருந்தா நான் வேணா எண்டா சொல்லப்போறன்?" என்றார். பிறகு புடவைக் கடையை நோக்கிக் காலை இழுத்து இழுத்து நடந்தார்.